வரி போட்ட கம்பி

வீட்டில் புது ஸ்பீக்கரின் வாடை அடிக்கிறது. தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. எனக்குக் குமட்டுகிறது வே. மகன் என்னையும் வண்ணார்பேட்டைக் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிய நீளக் கட்டை அது. சவுண்ட் பார் என்கிறான். நீல விளக்கு வேறு மினுக்குகிறது. போட்டால் அடுக்களையில் கரண்டி ஆடுகிறது.

"எப்டி அண்ணாச்சி, பேஸ் நெஞ்சுக்குள்ள இறங்குதா?" என்றான் கடைக்காரன்.

"இறங்குது லே. தின்ன சோறுதான் மேல ஏறி வருது" என்றேன்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் வே. ஆமாம், நானேதான். இந்த வயதில் முதியோர் வகுப்புக்குப் போய்ப் படித்தேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனாலும் 'ழ'வைச் சுழித்து முடிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதே உமக்குத் தெரியாது. ஸ்ரீவைகுண்டத்தில் நாம் சேர்ந்து வாழைத்தார் சுமந்த நாளிலிருந்தே மறைத்தேன். நீர் துபாய்க்குப் போனபின், கடிதம் எழுதச் சோம்பல்பட்டுக் கேசட்டில் பேசி அனுப்பியது எனக்கு வசதியாகப் போயிற்று.

அதைக் கேட்பதற்கென்றே ஒரு டேப் டெக்கும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் ஆள்மூலம் கொடுத்துவிட்டீர். நானே மாட்டினேன். உம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. லீவுக்கு வந்தபோது முகத்துக்கு நேராகவே சொன்னேன்: "உம்ம பெட்டி மட்டம் வே."

நீர் உட்கார்ந்து கேட்டீர். முகம் சுண்டிப்போயிற்று. "பின்னால காகிதம் ஒட்டியிருந்தேனே, வாசிச்சீரா?"

"வாசிச்சேன் வே. அதுல உள்ளபடிதான் மாட்டியிருக்கேன்."

"அப்பம் நாந்தான் ஏமாந்துட்டேன் போல. நாலு கடை ஏறி இறங்கி, பாத்துப் பாத்து எடுத்தேன்."

மவுத்தாகிக் கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சை நீர் மறுபடி எடுக்கவே இல்லை.

நேற்று மகன், "யப்பா, அந்தப் பழைய பெட்டிகள இரும்புக்காரன்ட்ட போட்டுருவோம்" என்றான். சுவரோடு ஒட்டிக் கிடந்ததைத் திருப்பினேன். பழுத்துப்போன காகிதம். எழுத்துக் கூட்டி வாசித்தேன்:

'வரி போட்ட கம்பி சிவப்பு ஓட்டையில். இரண்டு பெட்டிக்கும் ஒன்றுபோல. மாறினால் சத்தம் செத்துவிடும். வாசித்துவிட்டு மாட்டும்.'

ஒரு பெட்டியில் வரி போட்ட கம்பி கருப்பில் இருந்தது. இத்தனை வருடமாக. உம் பெட்டி மட்டமில்லை. என் பொய்தான் மட்டம். அந்த நீல விளக்கைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கம்பியை மாற்றிக் குத்தி உம் கேசட்டைப் போட்டேன். நீர் சலாம் சொல்லித் தொடங்கினீர். குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை, அந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினீர். "இங்கன வெயிலு கொளுத்துது வே. அங்கன ஆத்துல தண்ணி போகுதா?"

"மாமால்லா பேசுதாவ!" என்று மகன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

பெட்டிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. காகிதத்தின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தீர். அதில் பென்சிலால் பைய எழுதினேன்: வாசித்தேன்.