சனிக்கிழமை விளக்கு

ஆன்ட்டி, வீட்டுக்காரர் சாவி கேட்டதால் இன்று உங்கள் அறையைத் திறந்தேன். ஏலக்காய் வாசனை அப்படியே இருந்தது. அழுகை வருமென்று நின்றேன், வரவில்லை. இரண்டு மாதமாகவே எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

பர்மாவில், லான்மடா வட்டாரத்து இந்த மாடியில் முப்பது வருடம் நாம் எதிரெதிர் வீடு. வெள்ளி மாலை தொடங்கி சனி இருட்டும்வரை உங்கள் யூத ஓய்வுநாள். சுவிட்சைத் தொட மாட்டீர்கள். பிறரைப் போடச் சொல்லவும் கூடாது. "ரீட்டா, இருட்டா இருக்கில்ல?" என்று மட்டும் குரல் கொடுப்பீர்கள். நான் வந்து போட்டுவிடுவேன்.

அப்புறம்தான் லீனா வந்தாள், முதியவர்களுக்குத் துணையிருக்க வந்த ஜெர்மன் பெண்; பர்மிய வழக்கப்படி நமக்கு 'மா லீனா'. பாரிசுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன உங்கள் அத்தையை ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. அதனால் அவளை வாசல் நாற்காலியைத் தாண்டி நீங்கள் விடவில்லை. ஒரு மழைச் சனிக்கிழமை அவளிடமும் "இருட்டா இருக்கு" என்றீர்கள், பர்மிய மொழியில். "ஆமாம், மழை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள் அந்த மரமண்டை! நான் சிரித்தேன். "நீ சொல்லிக் குடுக்காத" என்று என்னை அடக்கினீர்கள்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். நீங்கள் வாய் திறக்குமுன்பே அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாளாம். கையைப் பிடித்து அவளை உள்ளே உட்காரவைத்தீர்கள். "எங்க அத்தை பேர இவகிட்டச் சொல்லிட்டேன், ரீட்டா" என்றீர்கள். எனக்கு அந்தப் பெயரை நீங்கள் சொன்னதே இல்லை. வயிறு எரிந்தது, ஆன்ட்டி. இனி அவளே போடட்டும் என்று சனிக்கிழமைகளில் என் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விசா முடிந்து புறப்பட்ட வியாழனன்று அவள் என்னிடம் வந்தாள். "சனிக்கிழமை நீங்க பாத்துக்குவீங்கல்ல, அக்கா?" தலையாட்டினேன்.

அந்தச் சனி மழை மேகத்தால் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. "ரீட்டா, இருட்டா இருக்கில்ல?" ஒரே ஒரு தரம் கூப்பிட்டீர்கள். இப்ப மட்டும் நான் வேணுமாக்கும் என்று எழாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலியோடு நீங்கள் விழுந்த சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில், "நீ அசந்து தூங்கியிருப்ப" என்றீர்கள். அதற்கும் தலையாட்டினேன். ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

நீங்கள் இருட்டில் விழுந்ததைக் கேள்விப்பட்டு மா லீனா செய்தி அனுப்பியிருந்தாள்: "அன்னைக்குக் கரண்ட் போயிடுச்சா, அக்கா?" கரண்ட் இருந்தது, ஆன்ட்டி. போய்விட்டது என்றுதான் எழுதினேன். நம்பிவிட்டாள். இப்போது சனிக்கிழமை தவறாமல் என்னைத்தான் கூப்பிட்டு நலம் கேட்கிறாள்.