அக்கா மீன்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலமா? தொலைபேசியில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

ஏரியின் மீன் கணக்கை முடித்து மீன்வளத் துறைக்கு அறிக்கை கொடுத்துவிட்டேன். போன வருடம் நானூறு மீன்களுக்கு முதுகில் எண் போட்ட மஞ்சள் வில்லை குத்தி ஏரியில் விட்டேனே, "மீனுக்குக் கம்மல் போட வந்துட்டா எங்க அக்கா" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தாய். நீங்கள் படகுக்காரர்கள் எல்லோருமாகக் கரைக்குக் கொண்டுவந்த ஆறாயிரம் மீன்களில் இருபத்துநான்கில்தான் வில்லை இருந்தது. வில்லை அபூர்வமாகக் கிடைத்தால் ஏரியில் மீன் ஏராளம் என்று அர்த்தம். ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறேன். இனி முட்டையிடும் மாதங்களிலும் வலை போட அனுமதி கிடைத்துவிடும்.

ஒரே ஒரு உறுத்தல். செதிலை நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணினால் மீனின் வயது தெரியும். இரண்டு வயது மீன் கண்ணிலேயே படவில்லை. சிறிசுகள் வலைக்கண்ணில் நழுவியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உன்மேல் ஒரு குறையும் உண்டு. மற்ற படகுகளில் ஒன்றிரண்டு வில்லையாவது வந்தது. உன் படகில் தொள்ளாயிரம் மீனில் ஒன்றுகூட இல்லை. பிடுங்கி எறிந்துவிட்டாயா, சோம்பேறி?

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் ஒரு லட்சத்தைக் கேட்டதும் உன் தம்பி பெண்டாட்டி முதல்முறையாக உன்னைப் புகழ்ந்தாள். தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். பெரிய படகு கட்டச் சொல்லிவிட்டேன். தச்சர் அடிப்பலகை வைத்துவிட்டார்.

சோம்பேறி என்றாயே, கேட்டுக்கொள். வில்லை போட்ட மீன் வலையில் ஏறினால் நான் அதைக் கரைக்கே கொண்டுவருவதில்லை. பதமாக எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவேன். குளிரில் உட்கார்ந்து, விரல் விறைக்க நீ ஒவ்வொன்றாகக் குத்திய மீன். அதைப் போய் விற்றுத் தின்பேனா? இங்கே அதற்குப் பெயரே "அக்கா மீன்"தான். பக்கத்துப் படகுக்காரர்களிடமும், "அக்கா மீன் வந்தா விட்ருங்கப்பா, பாவம், கஷ்டப்பட்டுப் போட்டது" என்று சொல்லி வைத்தேன். பாதிப் பேர் கேட்டார்கள்.

விட்ட ஒவ்வொன்றுக்கும் நங்கூரக் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். நீ வரும்போது காட்டி மார்தட்டத்தான்.

அன்புள்ள,
சோம்பேறி


மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தப்பு என்னுடையது. வில்லை போட்ட மீன் கிடைத்தால் வில்லையைக் கழற்றி என்னிடம் தரவேண்டும் என்று படகு படகாகப் போய்ச் சொன்னவள், உன் படகுக்கு மட்டும் வரவில்லை. என் தம்பிக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் திருப்பி விட்ட மீன்கள் கணக்கில் வராததால்தான் வில்லை அபூர்வம் என்று தோன்றியது. ஏரி நிரம்பி வழிவதாக எழுதிவிட்டேன். அது பொய்க் கணக்கு.

உன் படகு கொண்டுவந்த மீன் கணக்கு என் நோட்டில் தனியாக இருக்கிறது. முடிச்சுகளின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் சரியான கணக்கு வந்துவிடும். அது மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஏரியை இரண்டு வருடம் மூடுவார்கள். உன் பெரிய படகு கரையில் நிற்கும். தெரிந்தேதான் கேட்கிறேன். எத்தனை முடிச்சு?

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஆசையாக ஒன்று செய்தால் என் தலையிலேயா விடிய வேண்டும்?

ஏரியை மூடினாலும் உனக்கு மாதம் பிறந்தால் சம்பளம். எனக்கு ஏரியை விட்டால் என்ன தெரியும்? தச்சர் பக்கப்பலகை ஏற்றிக்கொண்டிருக்கிறார். போய் நிறுத்தச் சொல்லவா? "எங்க அக்கா தப்பா எண்ணிட்டா" என்று சொல்லவா?

முடிச்சு எத்தனை என்று எனக்கு நினைவில்லை.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம்தான்.

அறிக்கையைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இருபது வருஷமா எண்ணுறீங்க. இப்ப வந்து தப்புன்னா எப்படிம்மா? ஆதாரம் எங்கே?" என்றார். என்னிடம் இல்லை. பதினைந்தாம் தேதி கூட்டம். அதுவரை ஆதாரம் கிடைக்காவிட்டால் பழைய எண்ணே நிற்கும். முட்டையிடும் மீன்மேல் எல்லோரும் வலை போடுவார்கள். நான்கைந்து வருடத்தில் அங்கே தண்ணீர்தான் மிஞ்சும்.

உன்னிடம் மறுபடி கேட்கமாட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வலையில் வந்த மீனை எனக்காக நீ திருப்பி விட்டாய். என் வேலையை இதுவரை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. உன் கணக்கு பொய்யா, என் கோபம் பொய்யா என்று பார்க்க, சின்னக் கண் வலையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போனேன். சிறிசுகள் இருந்தால் அதில் தப்பாது. மூன்று நாளும் சேர்த்து ஒரு வாளியின் அடிகூட மறையவில்லை. நீ சொன்ன அந்த இரண்டு வயது மீன் வலையில் நழுவவில்லை அக்கா, இல்லவே இல்லை.

கயிற்றின் நுனியை அறுத்து இத்துடன் அனுப்புகிறேன். முப்பத்தொரு முடிச்சு. மறந்துவிட்டது என்று எழுதியபோதும் எனக்குத் தெரியும். உங்கள் இயக்குநர் நம்பாவிட்டால் என்னை வரச் சொல். என் பிழைப்பைக் கெடுக்க நானே பொய் முடிச்சு போடுவேனா என்று அவரிடமே கேட்கிறேன்.

வீட்டில் அவளிடம் எல்லாம் சொன்னேன். சாயங்காலம் அவளே போய்த் தச்சரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வருடம் தச்சரோடு வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். படகு கட்டத் தெரியாமல் படகு ஓட்டியது போதும் என்கிறார் அவர்.

அந்த மூன்று நாளில் ஒரு அக்கா மீனும் வந்தது. இந்த முறை விடவில்லை. நீ சொல்லியிருந்தால் முதலிலேயே செய்திருக்கவேண்டியபடி செய்தேன். வில்லையை உறைக்குள் வைத்திருக்கிறேன், எண் 217. கழற்றும்போது கை கூசியது.

எண்ணி முடித்ததும் கயிற்றைத் திருப்பி அனுப்பிவிடு. முடிச்சுகளை அவிழ்க்காதே. பழைய படகைக் கரையில் கட்டிப் போடவேண்டும், இருக்கிற கயிறு எட்டவில்லை.

உன் தம்பி