ரோசாப்பூ இருந்த இடத்தில் என் முகம்

அன்பு மகள் ஸப்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடி உம்மா எழுதுகிறேன். இங்கே வாப்பாவும் நானும் சுகம், என் கோபம் மட்டும்தான் இன்னும் இறங்கவில்லை. போனில் ஏசினால் நீ கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

எலெக்சன் நோட்டீசை நீயும் பார்த்தாய்தானே. நம்முடைய வட்டாரத்தில் வோட்டுக் கேட்டு நிற்கிறவள் நான், வடிகானுக்காகக் கச்சேரிக் கந்தோருக்கு மனுக் கொண்டு அலைந்து செருப்புத் தேய்ந்தவளும் நான், ஆனால் ஆண்கள் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிற நோட்டீசில் என் இடத்தில் மட்டும் ஒரு ரோசாப்பூ, பக்கத்தில் வாப்பாவின் படம், கீழே வாப்பாவின் பெயரை வைத்து ஜனாபா மசூர் என்று எழுத்து. சித்தி லைலா என்ற என் சொந்தப் பெயர் என்ன ஹறாமா? கட்சி வேலை பார்க்கிற ஜவுபரிடம் கேட்டால், பொம்புளைட முகத்தப் போட்டா ஊருல கதைப்பாங்க ராத்தா, பூ வடிவாத்தானே இரிக்கி என்கிறான். மீன் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு றிஸ்லா, மசூர் காக்காதான் கேக்காரெண்டு நினைச்சன் என்கிறாள்.

இப்படிப் பூவுக்குப் பின்னால் போன பெண்களின் முகங்களை நீ டெப்பில் படமாகக் கீறி பேஸ்புக்கில் போட்டபோது ஊரே பார்த்தது, ஜவுபரும் இறங்கி வந்து, போட்டோ வேணாம், மகள் கீறின படமெண்டா போடுவம் என்றான். எனக்கு எவ்வளவு சந்தோசம். ஆனால் நீ அனுப்பிய என் படத்தைப் பார்த்ததும் பத்திக்கொண்டு வந்தது. வெள்ளைத் தோல், மெல்லிய நாடி, கண்ணாடியும் இல்லை. றிஸ்லா பார்த்துவிட்டு, இது உங்கட மகளா ராத்தா என்று கேட்கிறாள். கன்னத்துத் தழும்பையும் அழித்துவிட்டாய். சின்ன வயதில் நீ சுடுதண்ணிக் கேத்தலை இழுத்தபோது நான் குறுக்கே விழுந்ததில் வந்தது அது, பார்க்க உனக்கு மனம் கேட்கவில்லையாக்கும், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஜவுபர் பூவைப் போட்டான், நீ வேறொருத்தியைப் போட்டாய், இரண்டிலும் நான் எங்கே புள்ள? தூரத்துல இரிக்கிற புள்ளைய ஏசாத என்கிறார் வாப்பா. அவர் தானே போய், நோட்டீசிலிருந்து தன் படத்தை நீக்கச் சொல்லிவிட்டார், அந்தளவுக்கு நல்ல மனுசன்.

ஜும்ஆ முடிந்ததும் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் திரும்பக் கீறி அனுப்பு. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை பார்க்காதே. அல்லாஹ் உன் கைக்குப் பறக்கத்தும் அருளும் தரட்டும். தழும்பு இடது கன்னத்தில், மாற்றிப் போட்டுவிடாதே.

உன் உம்மா,
சித்தி லைலா