மேட்டிலிருந்து போன மண்

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் பள்ளியின் புதுக் கட்டடம் வரப்போகும் இடம் பழைய ஏரிக் களிமண். பாரம் அழுத்தினால் களியிலுள்ள நீர் வெளியேறி நிலம் இறுகும் என்று, அதன்மேல் செம்மண்ணை மேடாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இறுகிய பிறகு மேட்டை எடுத்துவிட்டுக் கட்டுவார்கள்.

இன்று மாலை இன்ஜினியர் அக்கா லேப்டாப்பைப் பார்த்துக் குழம்பினார். நிலம் இன்னும் இறங்க வேண்டும் என்கிறது கம்ப்யூட்டர் கணக்கு. அளந்தால் இறங்குவது நின்றிருக்கிறது.

"களி சீக்கிரமே இறுகிடுச்சு போல. கணக்கைத் திருத்திட்டு வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

ஞாயிறன்று நைனா அந்த மேட்டிலிருந்துதான் டிராக்டரில் மண் அள்ளிவந்து எங்கள் வாசலை உயர்த்தினார். பாரம் குறைந்ததால்தான் நிலம் இறங்காமல் நின்றிருக்கிறது; களி இன்னும் இறுகவில்லை.

வீட்டில் சொன்னேன். நைனா சிரித்தார்.

"எப்படியும் வாரிப்போடப் போற மண்ணுதானே? ஊரே அள்ளிகினு போவுது."

"அந்தக் கட்டடத்துல நான்தானே நைனா உக்காரப் போறேன்?"

சிரிப்பு நின்றது. "காலையில திருப்பிக் கொட்டிடறேன். அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார்.

நைனா அள்ளிய மண் திரும்பிவிடும். அதற்குள் அக்கா கணக்கைத் திருத்திவிட்டால்? பள்ளி மணிக்கு முன்பே போய்ச் சொல்லிவிடுவேன். யார் அள்ளியது என்று கேட்டால் நான் வாய் திறக்கவே வேண்டாம். எங்கள் தெருவில் பாதி வாசல்கள் சிவந்து கிடக்கின்றன.