அந்த விலைக்கு நீ விற்றிருக்க வேண்டாம்

போனில் இடமில்லை என்று காட்டியதால் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். மாணவிகளின் விடுப்புக் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், அவற்றுக்கு நடுவே நீ அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட். பங்கு வாங்கி விற்கும் செயலியின் பக்கம் அது. விற்பனை முடிந்தது என்று பச்சை எழுத்தில் இருந்தது. கீழே நீ எழுதியிருந்தாய்: "வித்துருச்சுடி. நீ இல்லாட்டி எனக்கு இதெல்லாம் எங்க?"

நான் இல்லாமல் இருந்திருந்தால் உனக்கு நன்றாகவே நடந்திருக்கும். நீ உயிரோடிருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் ஒன்றாக பி.காம். படித்தோம். நான் கறம்பக்குடியில் வணிகவியல் ஆசிரியையானேன். நீ கோட்டைப்பட்டினத்திலேயே கல்யாணமாகி, வீட்டில் தையல் மிஷின் போட்டாய். உன் கணவர் சவூதியிலிருந்து அனுப்புவதில் மிச்சம் பிடித்ததையும் தையல் கூலியையும் எதில் போடுவதென்று என்னைக் கேட்டாய். "வட்டி வர்ற எதுவும் எனக்கு வேணாம். நகையா வாங்குனா நாத்தனா கண்ணு வைக்கிறா. வேற வழி சொல்லு, டீச்சரம்மா."

நான் ஈ.டி.எஃப். பற்றிச் சொன்னேன். எந்தக் கம்பெனி தேறும் என்று நாமே தேட வேண்டாம். பல கம்பெனிகளின் பங்குகள் ஒரே நிதியில் இருக்கும். ஒரு யூனிட் வாங்கினால் எல்லாவற்றிலும் கொஞ்சம் நமக்கு. நிர்வாகச் செலவு குறைவு. பங்கைப் போலவே சந்தை நேரத்தில் வாங்கலாம், விற்கலாம். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். மீன் ஏலம் விடுகிறவரின் மகளான நீ சிரித்தாய். "கலப்புக் கூறு! ஒரு வஞ்சரத்தையே நம்பாம எல்லா மீன்லயும் ரெண்டு ரெண்டு. அதை ஏலத்துல விக்கிறது. இதுக்காடி இங்கிலீசுல பேரு வச்சு என்னைய பயமுறுத்துன?"

வட்டித் தொழிலையும் மதுக் கம்பெனிகளையும் ஒதுக்கிவிட்டு நடத்தும் ஒரு நிதியைத் தேடிக் கொடுத்தேன். "பள்ளிவாசல் அஜரத்துக்கிட்ட கேட்டுட்டேன், மார்க்கப்படி கூடும்னுட்டாரு" என்று அடுத்த வாரமே ஆரம்பித்தாய். மாதாமாதம் வாங்கினாய்.

அந்த நிதியை வாங்கி விற்பவர்கள் குறைவு. உள்ளே இருக்கும் பங்குகளுக்கென்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் கையில் கிடைக்கும் விலை, அந்த நேரத்தில் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் இல்லாத நேரத்தில் "மார்க்கெட்" என்று அழுத்தினால், யார் எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தாலும் அதற்கே போய்விடும். "லிமிட்" என்று நம் விலையைப் போட்டுவிட்டால், அதற்குக் கீழே போகாது. ஒருமுறை என் கையைச் சுட்டுக்கொண்டுதான் நான் இதைக் கற்றேன். ஏலத்துக்கு இரண்டே வியாபாரிகள் வந்த நாளில் மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரிந்த உனக்கு, இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

உன் மகளுக்குத் திருச்சியில் நர்சிங் சீட் கிடைத்தது. நீ போன் செய்தபோது நான் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். "முக்காவாசிய வித்துரலாம்னு இருக்கேன். இதுல மார்க்கெட், லிமிட்னு ரெண்டு கேக்குதே, எதை அமுக்கட்டும்?" என்றாய். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

"மார்க்கெட்ட அமுக்கு. உடனே போயிரும்" என்றேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாய். "நேத்துப் பாத்ததுக்கு ரொம்பக் கொறையுதேடி?"

அதற்குள் நான் பார்த்துவிட்டிருந்தேன். அன்று சந்தை ஏறியிருந்தது. அந்த நிதியின் மதிப்பும் ஏறியிருந்தது. நீ விற்ற விலைதான் கீழே கிடந்தது. "சந்தை எறங்கிருச்சு" என்று சொன்னேன். மூன்று வருடம் உன்னோடு வணிகவியல் படித்தவள், ஒரு நொடிகூடத் தடுமாறாமல் சொன்னேன்.

நீ என்னைத் தேற்றினாய். "விடு, நீ என்ன செய்வ? போன வலையெல்லாம் நெறஞ்சா வருது?" பீஸுக்குக் குறைந்ததற்கு உன் வளையலை விற்றாய். எட்டு மாதத்தில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். இடையில் ஒருமுறை உன் வீட்டுக்கு வந்தபோது உன் வெறுங்கையைப் பார்க்காமலிருக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதமிருந்த யூனிட்டுகள் வாரிசாக உன் மகளின் பெயருக்கு மாறின. போன மாதம் அவற்றில் கொஞ்சம் விற்க என்னை வரச்சொன்னாள். அவள் விரல் "மார்க்கெட்"டுக்குப் போனது. தடுத்து, மதிப்பையும் விலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் கெட்டிக்காரி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உம்மாவுக்கு இது தெரியாதா ஆன்ட்டி?" என்றாள்.

"தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லல. சந்தை எறங்கிருச்சுன்னு பொய்யும் சொன்னேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உம்மா வித்த அன்னைக்கு பீஸ் கட்ட இன்னும் பத்து நாள் இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். "உம்மாவுக்கு எதையும் முன்னாடியே முடிச்சு வச்சுரணும்."

பத்து நாள். விலை போட்டுவிட்டு, ஆள் வரும்வரை காத்திருக்க எத்தனை மத்தியானங்கள்! எனக்கு வகுப்பு இருந்ததால் உனக்கும் அவசரம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் பள்ளியில் யாராவது இதைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். எந்த நிதி, எவ்வளவு என்று தொடங்குகிறவர்களை நிறுத்தி, "ஒங்களுக்கு எப்ப வேணும்?" என்று கேட்கிறேன். உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. ஒவ்வொரு முறையும் அதற்கு வேறு யாரோ பதில் சொல்கிறார்கள்.