நீ ஓட்டும் வண்டிக்கு என் பெயர்

அன்புச் சின்னவளுக்கு,

பழைய இரும்புப் பாலத்தில் விரிசல் கண்டு ஊரே சுற்றுப்பாதையில் போய் வந்தது, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சினிமாக் கொட்டகையின் தகரக் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போய் பெட்ரோல் பங்க் மேல் விழுந்தது, உன் அண்ணன் தவழ ஆரம்பித்து என் செருப்பைக் கடித்துத் துப்பினான், எல்லாம் ஒரே வருஷம். அந்த வருஷத்து மழையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ பிறப்பதற்கு ரொம்ப முன்னால் நடந்தது. அதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் விட்டதா, வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடுகிறாயா. இங்கே அண்ணன், அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் சௌக்கியம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது கீழ்வீட்டு நர்ஸ் அம்மா. சௌக்கியம் என்று எழுதுங்கள் என்றால், நேற்று பிரஷர் மாத்திரை முழுங்கலைன்னும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்கிறார். எழுதிவிட்டார் போலிருக்கிறது, நான் படிக்கவா போகிறேன். உன் அண்ணனைக் கொண்டு எழுத வைக்காததற்குக் காரணம் உண்டு, கடைசி வரை படித்தால் உனக்கே தெரியும்.

இன்ஷூரன்ஸ் படிவத்தோடு நீ அனுப்பிய கவர் வந்து மூன்று வாரம் ஆகிறது. படிக்கத் தெரியாத அப்பாவுக்கு என்று கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் படம் வரைந்து அனுப்பியிருந்தாய், நகம்கூட வரைந்திருந்தாய், பார்த்துச் சிரித்தேன். போனில் நீ சொன்னது முழுக்க ஞாபகம் இருக்கிறது. அப்பா, அந்த ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கக் கையில இருக்கு, ஆனா எனக்கு இருபத்துமூணு வயசு, லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்தான், அந்த எஞ்சினுக்கு இந்த வயசுக்கு இன்ஷூரன்ஸ்காரன் கேக்குறது வண்டி விலையில பாதி, அதுவும் வருஷா வருஷம், உங்க பேர்ல போட்டா அதுல நாலுல ஒரு பங்குதான், வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்குது, ஓட்டுறது நீங்க, நான் லீவுக்கு வரும்போது எப்பவாவது எடுக்கிறேன், இவ்ளோதாம்ப்பா சொல்லணும், எல்லாரும் செய்றதுதான் என்றாய். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் அந்த வண்டிக்குள் இறங்கினால், வெளியே எடுக்க நான் ஓட்டிய கிரேன் வண்டியே வர வேண்டியிருக்கும். கம்பெனிக்காரன் ஒரு தடவை என்னை நேரில் பார்த்தால் போதும், படிவத்தைக் கிழித்துவிடுவான். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லாவிட்டால் கடைக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான் என்று நீ இரண்டு தடவை போன் செய்தாய். நான் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் இருக்கும். போனில் சொல்கிற விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் பெரியப்பா பஸ் ஓட்டினவர் என்பது தெரியும். எந்த மாதிரி ஓட்டினார் என்பது உனக்குத் தெரியாது. ஆள் குள்ளம், சீட்டில் பெரியம்மா தைத்துக் கொடுத்த மெத்தையைப் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்த மாதிரி ஓட்டுவார். ஆனால் அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள், அவ்வளவு மெத்தென்று போகும். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அவருக்கு ஒரே பிள்ளை, உன் நெட்டை அண்ணன். அப்பாவுக்கும் சேர்த்து வளர்ந்துவிட்டான் என்று நான் வேலை பார்த்த பட்டறையில் கேலி செய்வோம். அவன் வேலைக்குப் போன சூட்டில் யாரிடமோ ஒரு சிவப்புக் கார் பேசி வைத்தான், தரையோடு தரையாகத் தாழ்ந்த வண்டி, கதவு இரண்டுதான். அப்போதும் இதே கதைதான் கண்ணு, வயது இருபத்தொன்று, இன்ஷூரன்ஸ் என்று போனால் தலை சுற்றுகிற தொகை. உன் பெரியப்பாவின் பெயரைச் சொன்னதும் அதே ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வண்டி ஓட்டுகிறவர் யார் என்ற இடத்தில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். எனக்கென்னடா, பேருதானே, பேரு என்ன தேஞ்சா போயிடும் என்று என்னிடம் சிரித்தார்.

நான் அப்போது பட்டறையின் கிரேன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், அடிபட்ட வண்டிகளை இழுத்து வருகிற வேலை. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு வண்டி கிடக்கிறது என்று போன் வந்தது, முதலாளியையும் ஏற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அந்தச் சிவப்பு வண்டி. நெட்டை நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறான், சட்டை நனைந்து நெஞ்சில் ஸ்டியரிங் இடித்த வட்டம் தெரிகிறது. அடிபட்டவர் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அம்மா, அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ரோட்டில் குடையும் அவிழ்ந்த பொட்டலமும் கிடந்தன, நீலப் பாவாடைகள் தண்ணீரில் மிதந்து சாக்கடை ஓரம் ஒதுங்கின. மகன் கூப்பிட்டு உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். அவர் மகனைத் தூக்கி நிறுத்தி, நீ அம்மாகூட வீட்டுக்குப் போ, நீ இங்க வரவே இல்ல என்றார். அவர்கள் போனதும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். நெட்டையின் காலுக்கு ஏற்ற மாதிரி சீட் பின்னால் தள்ளியிருந்தது, இவர் கால் பிரேக்குக்கு எட்டவில்லை, அந்தரத்தில் ஆடியது. கீழே கையை விட்டுத் துழாவி, சீட்டைத் தரதரவென்று முன்னால் இழுத்துக்கொண்டார். அந்தச் சத்தம் மழைக்கு மேலே கேட்டது. அண்ணே, வேணாம்ணே என்றேன். நீ வண்டி இழுக்கிறவன்தானே, இழுத்துட்டுப் போ என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பையன் ஓட்டினான்னு சொன்னா கம்பெனி கையை விரிச்சிடும்டா, அந்தப் பொம்பள வீட்டுக்குக் காலணா வராது, இவனையும் உள்ள தள்ளிடுவாங்க, காகிதத்துல என் பேருதான் இருக்கு, நான்தான் ஓட்டினேன் என்றார். போலீஸ்காரர் வந்து கேட்டதும் அதையே சொன்னார். முதலாளி என் தோளைப் பிடித்து அழுத்தினார், சங்கிலியை மாட்டு என்றார்.

அந்த அம்மா மறுநாளே போய்விட்டார். கம்பெனி அவர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் பெரியப்பாவின் லைசென்ஸ் போயிற்று, ஜெயில் இல்லாமல் தப்பினார், டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். அவரே கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன், போனதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை இன்னும் விடவில்லை. ஆரம்பத்தில் என்னிடம் பேசும்போது, அந்தம்மா குடையைச் சாய்ச்சுப் பிடிச்சிருந்தாங்களாம், பையன் சொல்றான் என்பார். இரண்டு வருஷம் கழித்து, குடையைச் சாய்ச்சுப் பிடிச்சிருந்தாங்க என்றார். அதற்கும் அப்புறம், வைப்பர் ஒரு பக்கம் துடைக்கலைடா, அந்தத் துடைக்காத இடத்துலதான் அவங்க வந்தாங்க, குடையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாங்க என்றார். அந்த வண்டியை மழைக்குள் அவர் ஒரு நாளும் ஓட்டியதில்லை. அண்ணே, நீ அங்க இல்லையேண்ணே என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் பைத்தியம் பிடித்தவன் என்கிற மாதிரி பார்த்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் தன்னால் நீண்டு தரையை அழுத்தும், அழுத்தி அழுத்தி அந்த இடத்துச் சிமெண்டு வழவழவென்று ஆகிவிட்டது. பெரியம்மா அதன் மேல் மிதியடி போட்டாள், மிதியடியும் தேய்ந்தது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீலப் பாவாடையோடு தெருவில் போகிற நேரத்துக்கு எழுந்து உள்ளே போய்விடுவார், கடைசிப் பிள்ளை போகும்வரை வர மாட்டார். பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க அண்ணன் நடிக்கலைங்க தம்பி, நிஜமாவே ஓட்டினார்னு நினைக்கிறார், எனக்கு அவர் பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு என்று அழுதாள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கால்மாட்டில் நின்றேன், நெட்டை தலைமாட்டில் தண்ணீர் டம்ளரோடு நின்றான். அவர் கையைக் கூப்பி, அம்மா, தாயே, நான் பார்க்கலைம்மா, பிரேக்கை மிதிச்சேன், வழுக்கிடுச்சு என்று யாரிடமோ சொல்கிறார். நான் நெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லுவான், அப்பா, அது நீங்க இல்ல, நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் நிம்மதியாகப் போவார் என்று காத்திருந்தேன். அவன் குனிந்து அப்பா நெற்றியைத் தடவி, விடுங்கப்பா, உங்க மேல தப்பு இல்ல, மழைதான் காரணம் என்றான். எவ்வளவு அன்பாகச் சொன்னான் தெரியுமா. காரியமெல்லாம் முடிந்த பிறகு வாசலில் நிறுத்திக் கேட்டேன், ஏன்டா, கடைசியிலகூடச் சொல்லக்கூடாதா என்று. எதை சித்தப்பா என்றான். அன்னைக்கு ஓட்டினது நீதானேடா என்றேன். அவன் குழம்பிப் போய், சித்தப்பா, நான் அன்னைக்கு வீட்டுல அம்மாகூட இல்ல இருந்தேன், உங்களுக்கு வயசாயிடுச்சு என்றான். பொய் சொல்கிற முகத்தை எனக்குத் தெரியும். அது பொய் சொல்கிற முகம் இல்லை.

இப்போது என் விஷயம். உன் கவர் வந்த மறுநாள் சமையலறையில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி என்னைப் பார்த்து, மாமா, காலுக்கு என்ன, இழுக்குதா என்று கேட்டாள். குனிந்து பார்த்தால் என் வலது கால் நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரு சாலை தெரிகிறது. நான் பார்த்த சாலை எதுவும் இல்லை, நீ போட்டோவில் அனுப்பினாயே, உன் ஆபீஸுக்குப் போகிற அகலச் சாலை, நடுவில் மரங்கள், அதுதான். நான் ஓட்டுகிறேன், வண்டி தாழ்வாக இருக்கிறது, யாரோ குறுக்கே வரப் போகிறார்கள், யார் என்று தெரிவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. நடந்தது ஞாபகம் வரலாம் கண்ணு, இன்னும் நடக்காதது ஞாபகம் வரலாமா? இத்தனைக்கும் நான் இன்னும் கைநாட்டே வைக்கவில்லை.

அதனால் வைக்க மாட்டேன். நீ மோசமாக ஓட்டுவாய் என்று சொல்லவில்லை, உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். நெட்டைக்குக் கற்றுக்கொடுத்தது என்னைவிட நல்ல டிரைவர். என்றைக்காவது ஒன்று நடந்தால் அது உன்னுடையதாக இருக்கட்டும், நீயே அழுது, நீயே பதில் சொல்லி, நீயே அதோடு வாழ்ந்து தீர்க்கலாம், அப்பா பக்கத்தில் வந்து உட்காருகிறேன். அது எனக்கு வந்துவிட்டால் உனக்கு ஒன்றும் மிஞ்சாது, நெட்டை மாதிரி நல்ல பிள்ளையாக என் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நீயும் அதைத் தாங்க வேண்டாம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிற ஏஜென்டிடம் விசாரித்தேன். சின்ன எஞ்சின் வண்டியாக எடுத்து உன் பெயரிலேயே போட்டு ஓட்டு, வருஷா வருஷம் எந்த விபத்தும் இல்லாமல் போனால் தொகை தானாக இறங்குமாம். நீ எப்படி ஓட்டுகிறாய் என்று பார்த்துச் சொல்கிற ஒரு பெட்டியை வண்டியில் மாட்டினால் இன்னும் குறைப்பார்களாம், எனக்கு அப்படி ஒரு பெட்டியை உன் அம்மா மாட்டாமலே வைத்திருந்தாள். அந்த ஸ்போர்ட்ஸ் கார் உனக்கு வேண்டவே வேண்டும் என்றால் இரண்டு வருஷம் பொறு, இல்லை கேட்கிற தொகையைக் கட்டி இப்போதே வாங்கு, நான் தடுக்கவில்லை. வண்டி உன்னுடையது, பெயரும் உன்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோபம் வந்தால் ஒரு மாதம் பேசாதே, அதற்கு மேல் வேண்டாம், எனக்கு வயதாகிறது.

நல்லா இரு. உன் கையும் காலும் உன் சொல்பேச்சுக் கேட்கட்டும், போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். மழை பெய்கிற நாளில் கிளம்புவதற்கு முன் வைப்பரைப் போட்டுப் பார், துடைக்காத இடம் இருந்தால் அன்றைக்கே மாற்று, மறக்காதே. நெட்டை உன் ஊர்ப் பக்கம் வந்தால் நன்றாகக் கவனித்து அனுப்பு, அவனிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, உன் அண்ணன் இதை எழுதியிருந்தால் நேரே போய் அவனிடம் கேட்டிருப்பான். கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் நின்றவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்க்கிறேன். தையற்கார அம்மா போய்விட்டார். கேட்டதை எழுதிக்கொண்ட போலீஸ்காரர், பட்டறை முதலாளி, உன் பெரியம்மா, எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். உன் பெரியப்பா தான் செய்யாததைச் சுமந்துகொண்டு போனார். நெட்டை உயிரோடு இருக்கிறான், ஆனால் அவன் அங்கே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தச் சீட் பின்னால் தள்ளியிருந்ததைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா