புகைக்குப் படம் இல்லை

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நலமா? அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று உன் அம்மா சொன்னார். காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்கு உடனே தொண்டை கட்டிக்கொள்ளும். நான் ஏதோ இருக்கிறேன். நாளிதழ் வேலை பழகிவிட்டது. நான் வைக்கும் தலைப்புகளைச் செய்தி ஆசிரியர் இப்போதெல்லாம் பாதிதான் மாற்றுகிறார். அதற்கே விருந்து வைக்க வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்கிறார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். குரல் ஒத்துழைக்காது என்று தெரிந்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் உட்கார்ந்து படி. குப்பைமேட்டுத் தெரு டெய்லரக்கா போய்விட்டார்.

போன மாதம் நடந்தது. குப்பைமேடு மறுபடி புகைய ஆரம்பித்திருந்தது. வெளியே தீ எதுவும் இல்லை, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகி, மகள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். படுக்கை காலி இல்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதிலேயே உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்களாம். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்து, தைத்து முடித்த சீருடைகளை யார் யார் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு நின்றதும், அம்மா களைத்துப்போய்த் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். சத்தம் போட வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம்கூடச் சொன்னாளாம்.

செய்தி கிடைத்து மறுநாள் காலை நான் போனபோது வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அந்தக் கொடி ஞாபகம் இருக்கிறதா? தைத்த வெள்ளைச் சட்டைகளை வெளியே மாட்டினால் கரி படிகிறது என்று அறைக்குள்ளேயே குறுக்கே கட்டியிருப்பாரே, நாம் குனிந்து குனிந்து போவோமே. அதில் சட்டைகள் அப்படியே தொங்கின. வந்தவர்கள் எல்லாரும் குனிந்துதான் உள்ளே போனார்கள். கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

இதழியல் படிப்பின் ஆய்வுக்காக முதல் நாள் நாம் அங்கே போனபோது அவர் நம்மை நன்றாகக் கலாய்த்தாரே. "டிவிக்காரங்க வந்தா கேமரா முன்னாடி இருமிக் காட்டச் சொல்றாங்கம்மா. கூப்பிட்டா வர்றதுக்கு இருமல் என்ன நம்ம வீட்டு நாய்க்குட்டியா? அது வர்ற நேரத்துக்கு அவங்க கிளம்பிடுறாங்க" என்றார். நீ சிரித்தபடியே குறித்துக்கொண்டாய். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் நம் ஆய்வுக்கே வழி கிடைத்தது. பழைய நாளிதழ்களை நூலகத்தில் புரட்டிப் புரட்டிக் கை கறுத்துப்போனதற்கு நாம் கண்டுபிடித்தது ஒரே ஒரு விஷயம். தீ கொழுந்துவிட்டு எரிகிற நாட்களில் எல்லாப் பத்திரிகையும் அந்தத் தெருவில் நிற்கிறது. தீ அடங்கி வெறும் புகையாக மாறியதும், அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதே யாருக்கும் நினைவில்லை. பேராசிரியர் நம்மைப் பாராட்டினார். உனக்கு மேற்படிப்பு கிடைத்தது, எனக்கு இந்த வேலை.

நீ கிளம்பிய பிறகும் நான் அவ்வப்போது போய்க்கொண்டிருந்தேன். நம் ஆய்வுக்கு முதலிடம் கிடைத்த விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டு டீ போட்டுக் கொடுத்தார். "உங்க பரீட்சைக்கு ரிசல்ட் வந்துடுச்சு. எங்களுக்கு எப்போம்மா வரும்?" என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, சும்மா நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார். உன்னையும் விசாரிக்காமல் விடமாட்டார். "அந்தக் கேள்விப் பொண்ணு வந்தா சட்டை தச்சுத் தரேன்னு சொல்லு, அளவு எனக்கு ஞாபகம் இருக்கு" என்பார். நீ படிப்பு முடிந்ததும் வருவாய் என்று சொல்லிவைத்திருந்தேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். சாவு வீட்டுக்குப் போன அன்று மாலையே அலுவலகத்துக்கு வந்து செய்தியை எழுதினேன். நாம் படித்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். புகை எப்போது தொடங்கியது, யாரிடமெல்லாம் புகார் போனது, தாழ்வாரத்து நாற்காலி, எல்லாம். செய்தி ஆசிரியர் முழுவதும் படித்தார். கெட்டவர் இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தீப்பிடிச்ச படம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். தீ இல்லை சார், புகைதான் என்றேன். புகைப்படக்காரர் எடுத்துவந்த படத்தைக் காட்டினேன். அது ஏதோ மேகமூட்டமான காலை நேரம்போல் இருந்தது. "இதைப் பார்த்தா யாருக்கு என்ன புரியும்?" என்றார். பிறகு ஆஸ்பத்திரியில் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டார். நாள்பட்ட நுரையீரல் நோய் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். "அப்போ புகைன்னு நாமளா எப்படிப் போட முடியும்? நாளைக்கு மாநகராட்சி மறுப்பு அனுப்பினா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். வாதாடினேன். நம் ஆய்வை எடுத்துக் காட்டினேன். "எனக்குப் புரியுதும்மா. புரியாம இல்ல. அச்சுக்குப் பக்கம் மூடுற நேரம்" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, மூச்சுத் திணறலால் பெண் சாவு என்று சின்னதாக வந்தது. வயதுகூடத் தப்பு.

காரியமெல்லாம் முடிந்தபின் மகளைப் பார்க்கப் போனேன். நீ பார்த்ததற்கு இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள். பள்ளியில் கடைசி வருடம். அம்மாவின் மிஷினில் உட்கார்ந்து, முடியாமல் கிடந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பேப்பரை மடித்துப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். "நீங்கதானேக்கா எழுதுனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "புகைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

வேலையை விட்டுவிடலாமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். விட்டால் அந்த நாலு வரிகூட வராது. இருந்தால் அடுத்த தடவையும் நாலு வரிதான் வருமோ என்று பயமாக இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டு என்னை ஒரு முடிவுக்குத் தள்ளியிருப்பாய். இப்போதைக்கு அந்தத் தெருவுக்கு வாராவாரம் போய், யார் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று எழுதிக்கொண்டு வருகிறேன். போடுவார்களா என்று தெரியாது. கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

அன்று நான் கிளம்பும்போது அக்காவின் மகள் வாசல்வரை வந்தாள். அம்மா பேசிய குரல் எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் யாரும் எதையும் பதிவு செய்துவைக்கவில்லை. அப்பாவின் போனில் இரண்டு படங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். டிவியில் வந்ததைத் தேடி எடுத்திருக்கிறாள். "அதுல அம்மா இருமுறது மட்டும்தான்க்கா இருக்கு. பேசுறப்ப எல்லாம் அந்தச் செய்தி வாசிக்கிற ஆள் குரல்தான் கேட்குது" என்றாள்.

நாம் எடுத்த பேட்டிகளின் குரல் பதிவுகளை மதிப்பெண் வந்ததும் அழித்துவிட வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். பேசியவர்களின் பாதுகாப்புக்காக. நியாயமான விதிதான். என்னிடம் இருந்ததை நான் அப்போதே அழித்துவிட்டேன். உன்னிடம் இருந்ததைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீ எதிலும் என்னைவிட ஒழுங்கானவள், அதனால்தான் இதைக் கேட்காமல் கடிதத்தின் கடைசிவரை தள்ளிப்போட்டேன். உன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நீ சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கணினியில், போனில், எங்கேயாவது தேடிப்பார்டி. முழுப் பேட்டி வேண்டாம். நாய்க்குட்டி என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தாரே, அது மட்டும் இருந்தாலும் போதும். கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு நீ எதுவும் எழுதாதே, எனக்கு எழுது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே காற்று சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். குளிர் என்று எந்நேரமும் ஜன்னலைச் சாத்தியே வைக்காதே. கொஞ்சம் திறந்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து விடு. நீயாவது நன்றாக இரு.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழி